முட்டை திண்ணையைத் தாண்டாது

நாமக்கல் மாவட்டத்தில் ஒரு பிள்ளைக்கு முட்டை ஆகாது என்று சொன்னால் கேட்பவர் முதலில் சிரிப்பார். தினமும் கோடிக்கணக்கில் முட்டை லாரி ஏறுகிற மாவட்டம் அது. டீக்கடையில் பேப்பரைப் பிரித்ததும் சிலர் தேடுவது முட்டையின் கொள்முதல் விலையைத்தான். அங்கே, மோகனூர்ப் பக்கம் காவிரிக் கரையை ஒட்டிய ஒரு கிராமத்தில், மருமகளாக வந்த நாளிலிருந்து நாட்டுக்கோழி வளர்க்கிற ஒரு பெண்மணியின் பேரனுக்கு முட்டை ஆகாது. ஆகாது என்றால் வயிறு உப்புசமோ, இரண்டு நாள் சொறியோ இல்லை. ஒரு வாய் உள்ளே போனால் உதடு வீங்கும், உடம்பெங்கும் தடிப்பு எழும், வாந்தி வரும், நெஞ்சு இழுக்கும். தாமதித்தால் ரத்த அழுத்தம் விழுந்து ஆள் துவண்டுவிடுவான்.

தெருவே அவரை அப்பத்தா என்றுதான் கூப்பிடுகிறது. இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

பண்ணைக் கோழி கூண்டில் நின்றபடி ஆண்டுக்கு முந்நூறு முட்டை வரை இடும். அப்பத்தாவின் சிறுவிடைக் கோழி பத்துப் பதினைந்து முட்டை இட்டதும் போதுமென்று அவயத்துக்கு உட்கார்ந்துவிடும். இருபத்தொரு நாள் கழித்துக் குஞ்சுகளோடு எழுந்தால், அவற்றை மேய்த்துப் பிரித்துவிட்டு மறுபடி முட்டைக்கு வர மாதக்கணக்கில் ஆகும். ஆண்டுக்கு ஐம்பது அறுபது முட்டை தேறினாலே பெரிது. அதனால்தான் அதற்கு அந்த விலை, அதனால்தான் அதைத் தேடி வீட்டுக்கே ஆள் வருகிறது. வயசுக்கு வந்த பெண்ணுக்குப் பச்சையாக உடைத்து நல்லெண்ணெயோடு கொடுக்க ஒருவர் வருவார். எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிறவர், உளுந்து மாவோடு குழைக்க வெள்ளைக்கரு வேண்டுமென்று வருவார். சளிக்குக் கேட்டு ஒருவர், கண்ணேறு கழிக்கக் கேட்டு இன்னொருவர். அந்தக் கடைசி முட்டை முச்சந்தியில் உடையும், பிள்ளைகள் அதன்மேல் மிதித்து நடந்து வீடு வருவார்கள். முட்டை என்பது தட்டில் வைக்கிற பண்டம் மட்டும் என்று நினைப்பவர்கள் இந்தப் பட்டியலை ஒருமுறை யோசிக்க வேண்டும்.

பேரனுக்குச் சோறூட்டத் தொடங்கிய பருவத்தில், வீட்டுக் கோழியிட்ட முட்டையை அவித்து, மஞ்சள் கருவைப் பருப்புச் சோற்றில் மசித்துக் கொடுத்தார்கள். வாயைச் சுற்றிச் சிவந்தது. மிளகாய்க் கை பட்டிருக்கும் என்று விட்டார்கள். அடுத்த முறை வெள்ளைக்கருவும் சேர்ந்தபோது பிள்ளை வாந்தியெடுத்து, விடாமல் இருமி, அழக்கூடத் தெம்பில்லாமல் தோளில் சாய்ந்தான். முதலில் தூக்கிக்கொண்டு ஓடிய இடத்தில் பித்தம் என்று சொல்லி ஒரு சிரப் எழுதி அனுப்பினார்கள். பிறகு ஒவ்வாமை பார்க்கிற குழந்தை மருத்துவர் ஒருவரிடம் போனதில்தான் விஷயம் தெளிந்தது. அந்த அம்மா முதலில் ஊசியை எடுக்கவில்லை, பேனாவை எடுத்தார். எதைத் தின்றான், எவ்வளவு, எத்தனை நிமிடத்தில் என்ன நடந்தது என்று கேட்டு எழுதிக்கொண்டார். அதன் பிறகுதான் முன்கையில் ஒரு சொட்டுச் சாறு வைத்து நுனியால் குத்திப் பார்த்தது, ரத்தம் எடுத்தது எல்லாம். பரிசோதனையில் வீங்குகிற எல்லோருக்கும் ஒவ்வாமை இருக்காது. நடந்த கதையும் பரிசோதனையும் ஒத்துப்போக வேண்டும். இவனுக்கு இரண்டும் ஒத்துப்போயின.

வெள்ளைக்கருவில் பாதிக்கு மேற்பட்ட புரதம் ஓவால்புமின். சூடு பட்டால் அதன் உருவம் கலைந்துவிடும். பத்தில் ஒரு பங்கு அளவே இருக்கிற ஓவோமியூகாய்டு அப்படியில்லை. அவித்தாலும் பொரித்தாலும் பெரும்பாலும் தன் குணத்தை விடாது. இந்த இரண்டாவதற்கு வலுவாகக் கிளர்ந்தெழுகிற உடம்புதான் பேரனுக்கு. முட்டையில் இவ்வளவு இருக்கிறதா என்று அப்பத்தா அசரவில்லை. அவருக்கு ஒரே கேள்விதான் இருந்தது.

"ஏனுங்க டாக்டரம்மா, நாட்டு முட்டை கூடவா ஆகாது? பண்ணை முட்டையிலதான் மருந்தடிக்கிறாங்கன்னு சொல்றாங்க."

"நாட்டுக்கோழி, பண்ணைக்கோழி, வாத்து, காடை, எல்லாத்துலயும் கிட்டத்தட்ட இதே புரதம்தாம்மா. எதுவும் வேண்டாம்."

வீட்டுக்கு வந்ததும் பேச்சு கோழியை விற்பதில்தான் தொடங்கியது. மகன் சந்தைக்கு ஆள் சொல்லக் கிளம்பினார். மருமகள் வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் பிள்ளையை வாசலில் இறக்கிவிடவே இல்லை. அக்கம்பக்கத்தில் கேட்டால் எல்லோருக்கும் ஒரே தீர்ப்பு: பேரன் பெரிதா, கோழி பெரிதா?

அடுத்த முறை போனபோது அப்பத்தா அதையே கேட்டார். மருத்துவர் பதிலுக்கு ஒன்று கேட்டார்: கோழிகளோடு திரிந்தால் இருமுகிறானா, மூக்கு ஒழுகுகிறதா? இல்லை. கோழிக்கறி தின்றிருக்கிறானா? தின்றிருக்கிறான், ஒன்றும் ஆகவில்லை. பறவையின் இறகிலும் பொடுகிலும் தொடங்கி மஞ்சள் கருவில் போய் முடிகிற ஒவ்வாமை ஒன்று உண்டு. அது பெரும்பாலும் பெரியவர்களுக்கு வருவது, அதற்குக் காரணமான புரதமும் வேறு. இவனுக்கு அது இல்லை. முட்டை ஆகாத பிள்ளைகளில் பெரும்பாலோர் கோழிக்கறியைத் தாராளமாகத் தின்கிறார்கள். ஆகவே கோழியை விற்கச் சொல்ல மருத்துவத்தில் காரணம் இல்லை. முட்டை பிள்ளையின் வாய்க்குப் போகிற வழியைத்தான் அடைக்க வேண்டும்.

அப்பத்தா அங்கேயே முடிவெடுத்துவிட்டார் என்பது மருமகளின் வாதம். அப்பத்தாவின் கணக்கு எளிது. கோழிகளை விற்றுவிட்டால் வாசல் சுத்தமாகும், ஊர் சுத்தமாகாது. பள்ளியில் முட்டை, உறவுக்காரர் வீட்டில் முட்டை, தெருமுனைத் தள்ளுவண்டியில் முட்டை. அவற்றில் எது எப்போது எங்கே உடையும் என்பது யாருக்கும் தெரியாது. தன் கோழி எப்போது இடும் என்பது அவருக்குத் தெரியும். முட்டைகளிலேயே தன் கைக்கு அடங்கியவை அவை மட்டும்தான் என்றால், அவற்றை வைத்துத்தான் பிள்ளைக்கும் வீட்டாருக்கும் பழக்கம் உண்டாக்க வேண்டும். இதில் தொழிலை விடமுடியாத பிடிவாதமும் கொஞ்சம் கலந்திருந்தது, அதை அவரே மறுக்கமாட்டார்.

அவர் செய்த முதல் காரியம், பழைய தொழில் நுணுக்கம் ஒன்றைத் தினசரி விதியாக்கியது. விடியலில் கூண்டைத் திறக்கும் முன் ஒவ்வொரு பெட்டையையும் இடுக்கில் பிடித்து, வாலுக்குக் கீழே விரலால் அழுத்திப் பார்ப்பது. கோழிக்கு ஒரு முட்டை உருவாக ஏறக்குறைய ஒரு நாளும் ஒரு மணி நேரமும் ஆகிறது. அதில் இருபது மணி நேரம் ஓடு கட்டுவதற்கே போய்விடும். அன்று இடப்போகிற கோழியின் வயிற்றில் விடியும்போதே ஓடு கெட்டியாகக் கைக்குத் தட்டுப்படும். முன்பெல்லாம், அடுத்த வீட்டு வைக்கோல் போரில் கொண்டுபோய் இட்டுவிடும் கள்ளக் கோழிகளுக்கு மட்டும் இந்தச் சோதனை. இப்போது எல்லாக் கோழிக்கும். முட்டை இருப்பவை கொடாப்புக்குள், இல்லாதவை வெளியே. கொடாப்பு என்பது மூங்கிலில் முடைந்த, தரையில் கவிழ்க்கிற கூடை. மற்ற ஊர்களில் பஞ்சாரம் என்பார்கள். அதற்குள் வைக்கோலும் ஒரு கிண்ணம் தண்ணீரும். முட்டையை இட்டுக் கொக்கரித்த பிறகுதான் கோழிக்கு விடுதலை.

இதில் நேரக் கணக்கு முக்கியம். ஒரு முட்டைக்கு இருபத்தைந்து மணி நேரம் என்றால் இன்று காலை ஏழுக்கு இட்ட கோழி நாளை எட்டுக்கு இடும், மறுநாள் இன்னும் தள்ளிப்போகும். ஈடு, அதாவது தொடர்ந்து இடுகிற சுற்று, முடிகிற கட்டத்தில் மதியம் தாண்டும், பிறகு ஒருநாள் விட்டுவிடும். ஆகவே காலை பத்து மணிக்கு எல்லாவற்றையும் திறந்துவிடலாம் என்கிற பொது விதி இங்கே உதவாது. எந்தக் கோழி ஈட்டின் எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். கொடாப்பின் மேல் அப்பத்தா கட்டிவைக்கிற துணி முடிச்சுகள் அந்தக் கணக்கேடு. மகன் செல்போனில் ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்தார், யாரும் அதைத் திறந்ததில்லை.

எடுக்கிற முட்டை வீட்டுக்குள் போகாது. முன்பு அது கேழ்வரகுப் பானையில்தான் இருக்கும். தானியத்துக்குள் புதைத்தால் உருளாது, குளிர்ச்சியாகவும் இருக்கும், எலியும் அண்டாது என்பது வீட்டுப் பழக்கம். மருமகள்தான் ஒருநாள் பானையில் கைவிட்டு, விரலில் ஒட்டிய ஒரு கட்டிக் கேழ்வரகை எடுத்துக் காட்டினார். கீறல் விட்ட முட்டை கசிந்து, தானியத்தோடு காய்ந்து இறுகியிருந்தது. அந்தக் கேழ்வரகுதான் மாவாகிப் பிள்ளைக்குக் கூழாகிறது. அன்றோடு பானை ஒழிந்தது. திண்ணையின் ஓரத்தில், ஆள் உயரத்தில் ஒரு பிறைக்குள் உமி பரப்பிய மண்சட்டி வந்தது. வாங்க வருபவரும் அங்கேயே எடுத்துக்கொண்டு போகவேண்டும். முட்டை வேலைக்கென்று ஒரு துண்டு, ஒரு கூடை. வேலை முடிந்ததும் வாசல் குழாயில் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் பிள்ளையைத் தொடக்கூடாது. பாட்டிலில் வருகிற கைசுத்தி திரவம் இங்கே செல்லாது. அது கிருமியைக் கொல்லும், புரதத்தைத் துடைத்தெடுக்காது. சோப்பும் ஓடுகிற தண்ணீரும்தான் வேலைக்கு ஆகும்.

ஓடு இன்னொரு தலைவலி. முட்டையிடும் கோழிக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டுமென்று உடைத்த ஓடுகளைச் சுவரோரம் காயவைத்து, நுணுக்கித் தீவனத்தில் கலப்பது பழக்கம். காயும் ஓட்டின் உட்புறத்தில் வெள்ளைக்கரு மெழுகுபோல் படிந்திருக்கும். தவழ்கிற பிள்ளைக்கு அது கைக்கெட்டுகிற தூரம். அதை நிறுத்திக் கிளிஞ்சல் தூளுக்கு மாறினார்கள். கோழிக்கு ஒரு குறையும் வரவில்லை.

யாரும் யோசிக்காத ஒன்று நாய். உடைந்த முட்டை எங்கே கிடந்தாலும் வீட்டு நாய்தான் முதலில் மோப்பம் பிடிக்கும். தரையைப் பளபளவென்று நக்கி வைத்துவிட்டு நேரே பிள்ளையிடம் போய் முகத்தையும் நக்கும். கன்னத்தில் திடீரென்று தடிப்பு எழுந்த ஒரு மாலையில்தான் இந்த வழி புரிந்தது. இன்று நாய்க்குக் கோழித் தொழுவம் தடை. காகமும் லேசுப்பட்டதில்லை. அவயத்தைவிட்டுக் கோழி எழும் நேரம் பார்த்து முட்டையைத் தூக்கி, மொட்டை மாடியில் கொத்தி உடைத்து வைக்கும். மாடிப்படியின் கதவுக்குத் தாழ்ப்பாள் வந்ததற்குத் திருட்டுப் பயம் காரணம் இல்லை.

அவயம் வைப்பதில் எதையும் மாற்றவில்லை. கூடையில் மணலும் வைக்கோலும், இடிக்குப் பயந்து ஓர் இரும்புத் துண்டு, அடுப்புக்கரி, வரமிளகாய். முட்டைகளின்மேல் கரிக்கோடு, நடுவில் வேறொரு கோழி புகுந்து இட்டுவிட்டால் அடையாளம் தெரிவதற்கு. மாறியது கடைசி நாள் மட்டும். குஞ்சு பொரிக்கும் நாளில் பிள்ளையைப் பிடித்து வைக்க முடியாது, எந்தப் பிள்ளையையும் முடியாது. ஆனால் ஓட்டை உடைத்து வெளியே வருகிற குஞ்சு முட்டையின் ஈரத்தோடுதான் வருகிறது. இறகு ஒட்டிக்கிடக்கும், ஓட்டின் உள்தோல் காலில் சுற்றியிருக்கும். அது காய்ந்து மஞ்சள் பந்தாகும்வரை, பிறகு அப்பத்தா ஈரத்துணியால் துடைத்து எடுக்கும்வரை, பேரன் கூடையிலிருந்து நான்கு முழம் தள்ளி உட்கார்ந்திருக்க வேண்டும். மறுநாள் கையில் தருவார்கள்.

"அப்பத்தா, இன்னும் காயலையா?"

"காயுது சாமி. கையப் பின்னால கட்டிக்க."

பிள்ளைக்கும் தொழிலில் பங்கு உண்டு. மாலையில் தீவனம் இறைத்துக் கூப்பிடுவதும் எண்ணி அடைப்பதும் அவன் வேலை. சேவல்கள் அவனுடையவை. அவை முட்டையிடாது என்பதை அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

இவ்வளவு கட்டுக்காவலும் வீட்டு எல்லைவரைதான். பெரிய விபத்து வெளியே நடந்தது. உறவுக்காரர் ஒருவர் வீட்டில் கோயில் விருந்து. நாட்டுக்கோழிக் குழம்பு. கறி இவனுக்கு ஆகும் என்று எல்லோருக்கும் தெரிந்ததால் யாரும் தடுக்கவில்லை. ஆனால் முட்டைக்கு வந்த பெட்டையை அறுத்தால் அதன் வயிற்றில் இன்னும் ஓடு கட்டாத கருக்கள், பெரிதும் சிறிதுமாகத் திராட்சைக் குலைபோல் இருக்கும். அவற்றைக் குழம்பிலேயே போட்டு வேகவைப்பது வழக்கம். பிள்ளைகளுக்கென்று எடுத்துவைக்கிற பண்டம் அது. சில உடைந்து குழம்போடு கலந்திருந்தன. பேரன் கருவைத் தொடவில்லை, குழம்பு ஊற்றிய சோற்றைத்தான் தின்றான். கொஞ்ச நேரத்தில் தொண்டையைச் சொறிந்தான், குரல் கம்மியது, காது மடல் சிவந்தது, இழுப்பு வந்தது.

இந்த இடத்தில் ஊசியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இப்படியான கடும் ஒவ்வாமைக்கு முதல் மருந்து அட்ரினலின். அரிப்புக்குக் கொடுக்கும் மாத்திரையும் சிரப்பும் தடிப்பை அடக்கும், மூச்சையும் ரத்த அழுத்தத்தையும் காப்பாற்றாது. வெளிநாடுகளில் தொடையில் வைத்து அழுத்தினால் தானே மருந்தைச் செலுத்தும் பேனா மாதிரியான கருவி உண்டு. நம் ஊர் மருந்துக் கடைகளில் அது சாதாரணமாகக் கிடைப்பதில்லை. கிடைப்பது பழுப்புக் கண்ணாடி ஆம்பியூல், ஒரு மில்லியில் ஒரு மில்லிகிராம், விலை சொற்பம். எடைக் கணக்கில் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். பதினைந்து கிலோப் பிள்ளைக்கு 0.15 மில்லி. இதை மருத்துவர் தாளில் எழுதி, 1 மில்லி சிரிஞ்சில் எந்தக் கோடுவரை இழுக்க வேண்டுமென்று காட்டி, தொடையின் வெளிப்பக்க நடுவில் தசைக்குள் போடப் பழக்கிவிட்டிருந்தார். பழகும்போதே அப்பாவுக்குக் கை நடுங்கியது, அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்பத்தாவுக்கு நடுங்கவில்லை. கோழிக்கழிச்சல் தடுப்பூசியை இறக்கைக்கு அடியில் தோலைத் தூக்கி அரை மில்லி போட்டுப் பழகிய கை அது. ஆண்டுதோறும் பிப்ரவரியில் கால்நடைத் துறை நடத்தும் இருவார முகாமில், பிடித்துக் கொடுக்க ஆள் வேண்டுமென்று அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஆம்பியூலின் கழுத்தை முறிப்பது, காற்றுக் குமிழைத் தட்டி வெளியேற்றுவது, மருந்து நிறம் மாறினால் தூக்கிப் போடுவது, எல்லாம் அவருக்கு ஏற்கெனவே தெரிந்த வேலை.

விருந்து வீட்டில் ஊசி போட்டது அவர்தான். கால்சட்டையின் விளிம்பை ஏற்றிவிட்டு ஒரே குத்து. பிள்ளையைப் பாயில் கிடத்திக் காலுக்கு இரண்டு தலையணை கொடுத்தார்கள். உட்காரவைத்துத் தண்ணீர் கொடுங்கள் என்றவர்களை மருமகள் தடுத்துவிட்டார். இந்த நிலையில் சட்டென்று எழுப்பி நிறுத்துவதே ஆபத்து என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள். மகன் 108-க்குப் பேசினார். வண்டி வருவதற்குள் இழுப்பு குறைந்து குரல் திரும்பியது. தேவைப்பட்டால் ஐந்திலிருந்து பதினைந்து நிமிடத்துக்குள் இன்னொரு ஊசி போடலாம் என்று தாளில் இருந்தது, தேவைப்படவில்லை. சரியாகிவிட்டதே, வீட்டுக்குப் போகலாம் என்றார் ஒரு பெரியவர். போகவில்லை. அடங்கிய ஒவ்வாமை சில மணி நேரம் கழித்து மறுபடி தலைதூக்குவது உண்டு. அதற்காக இரவு மருத்துவமனையிலேயே கழிந்தது. அதன் பிறகு இந்த வீட்டில் பேரனுக்குச் சமைப்பது சேவல் கறி மட்டும். வெளி விருந்தில் கறியே கிடையாது.

ஆம்பியூல்கள் ஒரு பழைய ஊறுகாய் டப்பாவில், வெளிச்சம் படாமல், வீட்டின் குளிர்ச்சியான அறையில் இருக்கின்றன. குஞ்சுகளுக்குக் கண்ணில் சொட்டுவிடும் தடுப்பு மருந்து ஃபிரிட்ஜில் இருக்க வேண்டும், அட்ரினலினை உறையவிடக் கூடாது. இரண்டையும் அருகருகே வைக்கக் கூடாது என்று டப்பாவின் மூடியில் மருமகள் சிவப்பு மையில் எழுதியிருக்கிறார். பள்ளிக்கு ஒரு செட், வண்டிப் பெட்டியில் ஒருபோதும் வைக்கக் கூடாது என்பதால் மகனின் பையில் ஒரு செட்.

பள்ளியைப் பற்றி அவர்களுக்கு இருந்த பயம் வேறு. சத்துணவில் பள்ளி நாட்களில் அவித்த முட்டை உண்டு. எம்.ஜி.ஆர். 1982-இல் தொடங்கிய திட்டத்தில் முட்டை பிற்பாடு சேர்ந்தது, இன்று தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பலருக்கு அதுதான் நிச்சயமான புரதம். ஒரு பிள்ளைக்காக அதை நிறுத்தச் சொல்வது நியாயமாகாது, அப்பத்தா கேட்கவும் இல்லை. முட்டை தின்னாதவர்களுக்கு வாழைப்பழம் என்ற ஏற்பாடு ஏற்கெனவே இருந்தது வசதியாகப் போயிற்று. சைவ வீட்டுப் பிள்ளைகளுக்காக வந்த ஏற்பாடு இவனுக்கும் உதவியது. அவர்கள் கேட்டது மூன்று: சாதக் கரண்டியும் முட்டை எடுக்கும் கையும் வேறாக இருக்கட்டும், இவன் வரிசையின் முதலில் உட்காரட்டும், தின்று முடித்தவர்கள் கை கழுவிவிட்டு விளையாடப் போகட்டும். மூன்றாவது எல்லாப் பிள்ளைக்கும் நல்லது என்று சத்துணவு அமைப்பாளரே சேர்த்துக்கொண்டார். 2022 முதல் நடக்கும் காலை உணவில் உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று போவதால் அங்கே கவலையில்லை.

இந்தியாவில் முட்டை ஒவ்வாமையோடு வாழ்வதில் ஓர் அனுகூலம் உண்டு. அதைப் போதுமான அளவு யாரும் சொல்வதில்லை. பொட்டலத்தின்மேல் இருக்கும் பச்சைப் புள்ளி. முட்டை சேர்ந்த எதுவும் இங்கே சட்டப்படி அசைவக் குறிக்குள் வருகிறது. ஆகவே எழுதப் படிக்கத் தெரியாத அப்பத்தாகூட பிஸ்கட்டைத் திருப்பிப் பார்த்துச் சொல்லிவிடுகிறார். பாலும் ஆகாத பிள்ளைக்கு இந்தப் புள்ளி உதவாது, இவனுக்கு உதவுகிறது. அதே இயந்திரத்தில் முட்டை கேக் ஓடியிருந்தால் அந்தப் புள்ளி அதைச் சொல்லாது என்பதால், அடியில் இருக்கும் ஒவ்வாமை எச்சரிக்கை வரியைப் படிக்க மருமகள் வேண்டும். புள்ளியே இல்லாத இடங்கள்தான் உண்மையான ஆபத்து. பரோட்டாக் கடைக் கல்லில் முட்டை வீச்சும் சாதாப் பரோட்டாவும் ஒரே தோசைக்கரண்டியில் புரள்கின்றன, சில கடைகளில் மாவிலேயே முட்டை இருக்கிறது. பன்னின் மேல் பளபளப்புக்கு முட்டை தடவுவார்கள். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸைத் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை செய்தது. அது கிருமிக்காக வந்த தடை, ஒவ்வாமைக்காக இல்லை. ஆனாலும் அந்தச் செய்தியைப் படித்த அன்று மருமகள் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

தடுப்பூசி விஷயத்தில் ஊரில் ஏகப்பட்ட வதந்தி. தட்டம்மைத் தடுப்பூசிக்கு முட்டை ஒவ்வாமை தடையில்லை. நாய்க்கடிக்குப் போடுகிற ஊசிகளில் ஒரு வகை கோழிக் கருவின் உயிரணுக்களில் தயாராகிறது, இன்னொரு வகை வீரோ உயிரணுக்களில். கிடைத்தால் இரண்டாவதைக் கேட்கலாம். கிடைக்காவிட்டால் மருத்துவக் கண்காணிப்பில் முதலாவதைப் போட்டே ஆகவேண்டும், ரேபிஸ் வந்தால் மீட்பு இல்லை. இதைச் சொன்ன மருத்துவரிடம், நாய் கடிக்கட்டும், முதல்ல அது நக்கறத நிறுத்தணும் என்றாராம் அப்பத்தா.

தீர்வு தேடிய கதை நீளமானது. 1908-இல் ஆல்ஃப்ரெட் ஸ்கோஃபீல்டு என்ற ஆங்கில மருத்துவர், முட்டை ஆகாத பதின்மூன்று வயதுப் பையனுக்குப் பச்சை முட்டையை நம்பமுடியாத அளவுக்குச் சிறிதாக மாத்திரையில் சேர்த்து, மாதக்கணக்கில் கூட்டிக்கொண்டே போய் முட்டை தின்னவைத்ததை லான்செட் இதழில் எழுதினார். 2012-இல் அமெரிக்காவில் ஐம்பத்தைந்து பிள்ளைகளிடம் இதை முறையாகச் சோதித்தார்கள். முட்டைத் தூள் பெற்றவர்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் சிகிச்சை நடக்கும்போது தாங்கினார்கள். இரண்டு ஆண்டு முடிவில் சிகிச்சையைச் சிலகாலம் நிறுத்திவிட்டுக் கொடுத்துப் பார்த்தபோது தாங்கியவர்கள் 28 சதவீதம். இது மருத்துவமனையில் நடக்க வேண்டிய வேலை. தினம் கொஞ்சம் தொட்டு நாக்கில் வைத்துப் பழக்கு என்று ஆலோசனை சொன்ன பக்கத்து வீட்டுக்காரரை அப்பத்தா வாசலோடு திருப்பியனுப்பினார். ஜப்பானில் ஹிரோஷிமா பல்கலைக்கழகத்தார் மரபணுவைத் திருத்தி, ஓவோமியூகாய்டு இல்லாத முட்டையிடும் கோழியை உருவாக்கி 2023-இல் வெளியிட்டிருக்கிறார்கள். முட்டையில் பார்வைக்கு எந்த வித்தியாசமும் இல்லையாம். மகன் இதைப் படித்துச் சொன்னதும் அப்பத்தாவின் முதல் கேள்வி, அந்தக் கோழி அவயத்துக்கு உட்காருமா என்பதுதான்.

முட்டை ஒவ்வாமை உள்ள பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு வளர வளர அது விட்டுப்போகிறது. சிலருக்குப் பள்ளிப் பருவத்தில், சிலருக்கு அதற்கும் பிறகு. பத்தில் ஏழு பேர் கேக்கில் நன்றாக வெந்த முட்டையை அதற்கு முன்பே தாங்குகிறார்கள். கோதுமை மாவோடு கலந்து 180 டிகிரியில் அரை மணி நேரம் வேகும்போது அந்தப் புரதங்களின் வீரியம் குறைந்துவிடுகிறது. பேரனின் ரத்தத்தில் ஓவோமியூகாய்டுக்கு எதிரான எதிர்ப்பொருளின் அளவு சென்ற பரிசோதனையில் இறங்கியிருந்தது. அதனால் மருத்துவமனையில் வைத்துத் துளித்துளியாகக் கேக் கொடுத்துப் பார்க்கும் சோதனைக்கு நாள் குறிக்கலாம் என்றிருக்கிறார் மருத்துவர்.

"ஏனுங்க, அதுக்கு எங்க வூட்டு முட்டையவே கொண்டாரலாமுங்களா?"

"கொண்டாங்கம்மா. ஆனா வேகவைக்கிறது எங்க கணக்குப்படி. நேரமும் சூடும் மாறக்கூடாது."

அன்று பிள்ளைக்குச் சளியோ இழுப்போ இருக்கக் கூடாது, முந்தின ஒரு வாரம் அரிப்பு மாத்திரையும் நிறுத்தியிருக்க வேண்டும். ஐப்பசி மழையில் இரண்டுமே நடக்காத காரியம் என்பதால் தை பிறந்ததும் வரச் சொல்லியிருக்கிறார்கள். அப்போது எந்தக் கோழி முட்டைக்கு வரும் என்று அப்பத்தா இப்போதே கணக்குப் போடுகிறார். கிராப்புக் கழுத்துக்காரி குஞ்சுகளைப் பிரித்துவிட்டிருப்பாள், அவளுடைய ஈடு சரியாக இருக்கும்.